சித்தியின் பத்து லட்சமும் என் நடப்பு நிகழ்வு நோட்டும்

(போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பின் தொடக்க நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய தோழர் 'யுபிஎஸ்சி அனுபவம் உள்ளவர்' என்று சொன்னார். அது என்ன அனுபவம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு முறை எழுதினேன். மூன்று முறை முதல்நிலைத் தேர்விலேயே வெளியே வந்துவிட்டேன். ஒரு முறை முதன்மைத் தேர்வு வரை போனேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவில்லை. பிறகு குரூப் 4 எழுதி, இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். ஆகவே நான் பேசப்போவது வெற்றி பெற்றவரின் ஊக்க உரை இல்லை. நடப்பு நிகழ்வுகளை ஐந்து வருடம் தப்பாகப் படித்த ஒருத்தி, எங்கே தப்பினேன் என்று சொல்கிறேன். அவ்வளவுதான்.

எங்கள் சித்தப்பா 2012இல் இறந்தார். ஒரு வணிக வளாகத்தின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இறக்கினார்கள். விஷவாயு. கூட இறங்கியவர் பிழைத்தார், சித்தப்பா பிழைக்கவில்லை. மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரி வந்தது. ஒப்பந்தக்காரர் ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து, சித்தியிடம் ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். காவல் நிலையத்தில் 'தவறி விழுந்து இறந்தார்' என்று பதிவானது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 174, சந்தேக மரணம். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

2016இல் நான் யுபிஎஸ்சிக்குப் படிக்கத் தொடங்கினேன். பயிற்சி மையத்தில் மாதா மாதம் ஒரு நடப்பு நிகழ்வுத் தொகுப்பு கொடுப்பார்கள். அதில் ஒரு பக்கம் மனிதக் கழிவகற்றல் பற்றியது. தலைப்பு, பின்னணி, சட்டம், சவால்கள், முன்னெடுப்புகள், தீர்வு என்று கட்டம் கட்டியிருந்தது. '1993 சட்டம், 2013 சட்டம், 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இழப்பீடு பத்து லட்சம்' என்று நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். முதல்நிலைத் தேர்வுக்கு ஒரு பாயிண்ட் கிடைத்தது என்று சந்தோஷம்.

தோழர்களே, அந்தத் தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது. 1993 முதல் கழிவுநீர்ப் பணியில், அதாவது ஆள்நுழை குழிகளிலும் செப்டிக் டேங்குகளிலும், இறந்த எல்லோருடைய குடும்பங்களையும் கண்டறிந்து பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்கிறது. வழக்கைப் போட்டது சஃபாய் கர்மசாரி ஆந்தோலன். தீர்ப்பு வந்த நாள் 2014 மார்ச் 27. இதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். தேதி கேட்டாலும் சொல்வேன், நீதிமன்றம் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அது எங்கள் சித்திக்குச் சேர வேண்டிய பணம் என்று எனக்குத் தோன்ற இரண்டு வருடம் ஆனது.

இரண்டு வருடம். சித்தி வீடு எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. தினமும் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நூலகத்துக்குப் போனேன்.

எப்படி அது எனக்குத் தோன்றாமல் போனது என்பதைத்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நடப்பு நிகழ்வு என்று நாம் படிக்கும் பொருள் நம் கைக்கு வருவதற்குள் பல முறை வடிகட்டப்படுகிறது. ஒரு மரணம் செய்தியாகிறது. செய்தி தலையங்கமாகிறது. தலையங்கத்தைப் பயிற்சி மையம் குறிப்பாக்குகிறது. குறிப்பை நாம் மூன்று வரியாக்குகிறோம். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்ந்துகொண்டே வருகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒரு சட்டத்தின் பெயரும் ஆண்டும். நமக்கே நடந்ததை நாமே அடுத்தவர் செய்தி போலப் படிக்கிறோம்.

அந்தக் காலத்தில் ஒரு மாதிரித் தேர்வில் மனிதக் கழிவகற்றல் பற்றிக் கேள்வி வந்தது. நான் சித்தப்பாவை எழுதினேன். பெயர் போடவில்லை, ஆனால் அவரைத்தான் எழுதினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் 'உணர்ச்சிவசப்படாதீர்கள், அதிகாரியின் சமநிலை தேவை' என்று எழுதியிருந்தார்கள். பத்துக்கு இரண்டரை மதிப்பெண். அன்று இரவு சாப்பிடவில்லை. பல நாள் அந்த ஆசிரியரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு அந்த விடைத்தாளை நானே திருத்தினாலும் இரண்டரைதான் போடுவேன். காரணம் வேறு. அதில் சித்தப்பா இருந்தார், சட்டம் இல்லை. யார் மேல் என்ன வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது இல்லை. எந்த அதிகாரி என்ன செய்யத் தவறினார் என்பது இல்லை. நோட்டில் சட்டம் இருந்தது, சித்தப்பா இல்லை. விடைத்தாளில் சித்தப்பா இருந்தார், சட்டம் இல்லை. இரண்டையும் ஒரே தாளில் வைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த வகுப்பு அதற்காகத்தான்.

இந்தத் தேர்வுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. 1893இல் ஐசிஎஸ் தேர்வு லண்டனில் மட்டும்தான் நடந்தது. அதை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அந்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை அதற்கு ஆதரவாகத் தீர்மானமும் போட்டது. அதே ஆண்டில் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்து ஒரு மனு அனுப்பினார். 3412 பேர் கையொப்பமிட்ட மனு. நீளம் 112 அடி.

இன்று படிக்கும்போது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். இந்தியர்கள் அதிகாரிகளாவதை எதிர்த்தாரா என்று கேட்கலாம். அவர் கேட்டது எளிய கேள்வி. இங்கே தேர்வு வைத்தால் யார் படித்திருக்கிறார்களோ அவர்கள்தான் தேறுவார்கள். படிப்பு யாரிடம் இருக்கிறது? நம்மைத் தெருவுக்குள் விடாதவர்களிடம். அவர்கள் கையில் மாவட்டத்தின் அதிகாரமும் போய்ச் சேர்ந்தால் நம் கதி என்ன? நாற்காலியில் யார் உட்காருகிறார், அவருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வியை, 112 அடித் தாளில் நம் முன்னோர்கள் கேட்டுவிட்டார்கள். அன்றைய நடப்பு நிகழ்வை அவர்கள் சரியாகப் படித்தார்கள். பத்திரிகை வாங்கிப் படிக்கவே காசில்லாத மக்களுக்காகப் பத்திரிகையும் நடத்தினார்கள். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். செய்தியை அடுத்தவர் வடிகட்டித் தரக் காத்திருக்காத மரபு நம்முடையது.

சரி, இன்றைய தேர்வுக்கு வருவோம். முதல்நிலைத் தேர்வில் பொது அறிவுத் தாள் 100 கேள்விகள், 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் அங்கும் கேள்வி இந்த இரண்டு மொழிகளில்தான் வரும். இந்தி பேசும் வீட்டுப் பிள்ளை தாய்மொழியில் கேள்வியைப் படிக்கிறது. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. பள்ளியில் படித்தது தமிழ். கேள்வியைப் படித்தது ஆங்கிலத்தில். 'பின்வரும் கூற்றுகளில் எத்தனை சரி' என்று கேட்பார்கள். விஷயம் தெரிந்திருந்தும் வாக்கியம் புரியாமல் விட்ட கேள்விகள் எனக்கு உண்டு.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. முதல் ஆறு மாதம் ஆங்கில நாளிதழை அகராதியோடு படியுங்கள், வெட்கப்படாதீர்கள். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் நுழைவுத் தேர்வு வைத்து 1000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7500 ரூபாய், பத்து மாதம் கொடுக்கிறார்கள். 2023இல் வந்தது. நான் படித்த காலத்தில் இது இல்லை. விண்ணப்பியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வயது வரம்பு 37 வரை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அதற்காக 37 வரை எழுதிக்கொண்டே இருக்காதீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

இப்போது படிக்கும் முறை. எந்தச் செய்தியை எடுத்தாலும் நோட்டில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இதில் யாருக்கு என்ன நடந்தது? எந்தச் சட்டம், அரசமைப்பின் எந்தப் பிரிவு? இது வர யார் போராடினார்கள், யார் வழக்குப் போட்டார்கள்? என் தெருவில் இது யாருக்குப் பொருந்தும், அவர் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்? நாலாவது கேள்வியை யுபிஎஸ்சி கேட்காது. நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று செய்திகளை இப்படிப் படித்துப் பார்க்கலாம்.

முதலாவது, நாம் பேசிக்கொண்டிருந்ததே. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. குறிப்பேட்டில் இது ஒரு எண். ஆனால் சட்டம் 1993இல் வந்தது, மறுபடியும் 2013இல் வந்தது, அதற்குப் பிறகு 2023இலும் நீதிமன்றம் மரணத்துக்கு விலை நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு கொடுத்த கணக்குகளில், 1993 முதலான இந்த மரணங்களில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. சமூகநீதி மண் என்று பேசுகிற நாம் இந்த வரியையும் நோட்டில் எழுத வேண்டும்.

இரண்டாவது, உள் ஒதுக்கீடு. 2024 ஆகஸ்ட் 1, பஞ்சாப் அரசு எதிர் தேவிந்தர் சிங் வழக்கு. ஏழு நீதிபதிகள். ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில், பட்டியல் சாதிகளுக்குள் மாநிலங்கள் உள் ஒதுக்கீடு கொடுக்கலாம் என்றார்கள். 2004இன் சின்னையா தீர்ப்பு ரத்தானது. 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் கொடுத்த 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் நிலைத்தது.

இந்த அறையில் பறையர், பள்ளர், அருந்ததியர் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். இந்தத் தீர்ப்பு வந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் என்ன பேசினோம் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அருந்ததியர். 2010இல் எனக்குப் பொறியியல் சீட் கிடைத்தது அந்த 3 சதவீதத்தில்தான். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான். அதனால் இந்தத் தீர்ப்பில் எனக்கு நடுநிலை கிடையாது. ஆனால் எதிர்த்துப் பேசிய தோழர்களின் பயத்தையும் நான் படித்தாக வேண்டும். அதே தீர்ப்பில் நான்கு நீதிபதிகள், பட்டியல் சாதியினருக்கும் கிரீமிலேயர் வேண்டும் என்று கருத்துச் சொன்னார்கள். அந்த வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி அதுவல்ல. ஆகஸ்ட் 9 அன்று ஒன்றிய அமைச்சரவை அதைச் செயல்படுத்தப்போவதில்லை என்று சொன்னது. எது தீர்ப்பு, எது கூடவே சொன்ன கருத்து என்று பிரித்து எழுதினால் தேர்வில் மதிப்பெண். பிரித்துப் பேசினால் நமக்குள் பாதிச் சண்டை குறையும். மீதிச் சண்டையைத் தரவு வைத்துப் போடுவோம்.

மூன்றாவது, சிறை. 2024 அக்டோபர் 3, சுகன்யா சாந்தா வழக்கு. சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் பிரித்து அடைப்பதும் அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பு. பிரிவுகள் 14, 15, 17, 21, 23. யார் வழக்குப் போட்டது? ஒரு பத்திரிகையாளர். 2020இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இது. மாநிலச் சிறை விதிப்புத்தகங்களை வரிக்கு வரி படித்து, எந்த விதி கூட்டும் வேலையைக் குறிப்பிட்ட சாதிக்கு ஒதுக்குகிறது என்று எடுத்துக் காட்டினார்கள். நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் அதில் பேசப்பட்டது. தீண்டாமை ஒழிப்புப் பிரிவை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1948 நவம்பர் 29. 76 வருடம் கழித்தும் அரசு அச்சடித்த விதிப்புத்தகத்தில் சாதி இருந்தது. யாரும் மறைத்து வைக்கவில்லை. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

நடப்பு நிகழ்வுகளில் இந்தத் தேர்வே ஒரு நிகழ்வாக வந்த நாளும் உண்டு. 2024 ஆகஸ்ட் 17 அன்று, இணைச் செயலாளர், இயக்குநர், துணைச் செயலாளர் பதவிகள் 45ஐ நேரடி நியமனத்தில் நிரப்ப யுபிஎஸ்சி விளம்பரம் கொடுத்தது. ஒவ்வொன்றும் தனிப் பதவி என்று கணக்குக் காட்டியதால் இட ஒதுக்கீடு இல்லை. எதிர்ப்பு கிளம்பியது, மூன்றே நாளில், 20ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். நாம் வாசலில் நின்று கேள்வித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கதவைத் திறக்கிறார்கள். 1893இன் கேள்வி பழைய கேள்வி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் படித்தவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. பி.எஸ். கிருஷ்ணன் என்ற ஐஏஎஸ் அதிகாரி. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உருவானதிலும், 1990இல் மண்டல் பரிந்துரை நடைமுறைக்கு வந்ததிலும் அவர் உழைப்பு இருக்கிறது. எஸ்.ஆர். சங்கரன் என்ற அதிகாரி கொத்தடிமை ஒழிப்புக்கு உழைத்தார், ஓய்வு பெற்ற பிறகு பெஜவாடா வில்சனோடு நின்றார், பத்மபூஷண் விருதை மறுத்தார். இருவரும் நம் சேரியில் பிறந்தவர்கள் இல்லை. ஆனால் சேரிக்கு வந்து பார்த்தவர்கள். அவர்களை நன்றியோடு நினைக்கிறேன். அதே நேரம், இப்படி ஒருவர் தற்செயலாக வாய்ப்பார் என்று ஒரு சமூகம் காத்திருக்க முடியாது. அதனால்தான் நீங்கள் எழுத வேண்டும் என்கிறேன்.

சித்தியின் கதையை முடிக்கிறேன். 2018இல் ஒரு நாள் திருப்புதல் செய்துகொண்டிருந்தேன். 'அனைத்துக் குடும்பங்களுக்கும்' என்ற சொல்லில் கண் நின்றது. நோட்டை மூடிவிட்டுச் சித்தி வீட்டுக்குப் போனேன். தீர்ப்பைத் தரவிறக்கி, இயக்கத் தோழரான ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து மனு எழுதினோம். அலுவலகத்தில் முதல் தகவல் அறிக்கையைக் கேட்டார்கள். அதில் 'தவறி விழுந்து' என்று இருந்ததால் பொருந்தாது என்றார்கள். பிழைத்தவரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினோம். உடற்கூறாய்வு அறிக்கை வாங்கினோம். மனு, நினைவூட்டல், மறுபடி மனு. மூன்று வருடம். ஒரு அலுவலர் மாறி இன்னொருவர் வந்தார். அவர் கோப்பை முழுதாகப் படித்தார். 2021இல் பணம் வந்தது. சித்தி தன் மகளை நர்சிங் படிக்க வைத்தார். பணம் வந்த அன்று சித்தி அழவில்லை. 'இது எப்பவே வந்திருக்கணுமா பாப்பா?' என்று கேட்டார். நான் தெரிந்துவைத்திருந்த இரண்டு வருடத்தைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

கடைசி முறை எழுதிவிட்டு நிறுத்தியபோது என்னைத் தோற்றவள் என்றுதான் நினைத்தேன். தேர்வெழுதும் பல லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேருக்குத்தான் இடம். உங்களில் பெரும்பாலோர் ஐஏஎஸ் ஆகமாட்டீர்கள். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நேர்மை. எத்தனை முறை எழுதுவது என்று இன்றைக்கே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். குரூப் 4, குரூப் 2, வங்கி எதையும் கேவலமாக நினைக்காதீர்கள். என் மேசைக்குச் சாதிச் சான்றிதழ் கோப்பு வருகிறது. ஒரு நாள் தாமதித்தால் ஒரு பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வரும்போது ஒரு வேலை செய்துகொண்டு வாருங்கள். 2025 ஏப்ரல் 30 அன்று, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிடும் கணக்கு வரப்போகிறது என்றால் முதல் முறை. அதற்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1. இந்தச் செய்திக்கு நான் சொன்ன நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். நாலாவது விடைக்கு மட்டும் நூலகம் போகாதீர்கள். உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குப் போய், கணக்கெடுக்க வருபவரிடம் சாதி என்ன என்று சொல்வீர்கள் எனக் கேளுங்கள். என்ன பெயர் சொல்கிறார்கள், எந்தப் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள், சான்றிதழில் என்ன இருக்கிறது என்று குறித்து வாருங்கள். பத்து மணிக்கு வகுப்பு. தாமதமாக வந்தாலும் உள்ளே விடுவோம்.